கையறிவும் பட்ட அறிவும்: பூநகரிப் பக்கமிருந்து ஒரு பொறியியல் வரலாறு

வன்னியில் இயந்திரப் பொறியியல் கல்வி எப்போது தொடங்கியது என்று கேட்டால் நேரான விடை ஒன்று கிடைக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தன் முதல் அணி மாணவரைச் சேர்த்துக்கொண்டது. குடிசார், மின், கணினித் துறைகளோடு இயந்திரப் பொறியியல் துறையும் அந்தப் பீடத்தில் அமைந்தது. அதற்கு முன் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் படித்துத் தேறிய பூநகரிப் பிள்ளை ஒன்று பொறியியலாளராக வேண்டுமென்றால் பேராதனைக்கோ மொரட்டுவைக்கோ போக வேண்டியிருந்தது. பின்னாளில் ருகுணு, ஒலுவில் என்று வேறு வாசல்களும் திறந்தன. நிருவாகப் பதிவு என்ற அளவில் இந்த விடையில் பிழை இல்லை. வரலாறு என்ற அளவில் அது பாதிதான். இயந்திரங்கள் வன்னிக்கு வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. அவற்றை ஓட்டவும் கழற்றவும் பூட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்களும் இங்கே இருந்தார்கள். இங்கே இல்லாதிருந்தது அந்த இயந்திரங்கள் ஏன் அப்படி இயங்குகின்றன என்று கற்பிக்கும் இடம். கையால் வரும் அறிவும் கணக்கால் வரும் அறிவும் இந்த நாட்டில் தொடக்கத்திலிருந்தே வெவ்வேறு ஊர்களில் வளர்க்கப்பட்டன. அந்தப் பிரிவின் விலையைப் பூநகரி போன்ற இடங்களே அதிகம் கொடுத்தன. புதிய பீடத்தை அது இந்தப் பிரிவை எவ்வளவு தூரம் குறைக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

பூநகரி யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்குத் தெற்கே, குடாநாட்டைப் பார்த்தபடி கிடக்கும் நிலம். பரமு புஷ்பரட்ணம் 1993இல் வெளியிட்ட ‘பூநகரி தொல்பொருளாய்வு’ இந்த மணலுக்கடியில் கிடந்த பழைய குடியிருப்புகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான கடவையைக் காப்பதற்குப் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் அதைக் கையேற்று விரித்தனர். ஆக, ஊரின் முக்கியத்துவம் கடந்து போகும் வழியில் அமைந்ததால் வந்தது. ஆனால் நீராவி யுகம் வந்தபோது வழி மாறியது. வடக்குப் புகையிரதப் பாதை 1905இல் கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு வழியே காங்கேசன்துறை வரை போய்ச் சேர்ந்தது. தலைமன்னார்ப் பாதை 1914இல் தெற்கே வெகு தொலைவில் கடலைத் தொட்டது. இரண்டு இருப்புப் பாதைகளுக்கும் நடுவில் பூநகரி எதிலும் ஒட்டாமல் நின்றுவிட்டது. அதற்குக் கிடைத்தது கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கிய மிதவை. வடபகுதி மக்கள் அதைப் ‘பாதை’ என்றே சொன்னார்கள். அதன் இடத்தில் 288 மீற்றர் நீளப் பாலம் வந்தது 2011 ஜனவரியில். புகையிரத நிலையம் இருந்த ஊரில் கொதிகலனும் கொல்லுப் பட்டறையும் சம்பளம் வாங்கும் பொறித் தொழிலாளியும் கூடவே வந்தார்கள். அப்படி எதுவும் வாராத பூநகரியில் இயந்திரம் நுழைந்தது வயலும் கிணறும் வழியாக.

இனி, இயந்திரம் பற்றிய படிப்பு இந்தத் தீவில் எப்படி உருவானது என்று பார்ப்போம். கொழும்பு மருதானையில் அரசாங்கத் தொழினுட்பப் பாடசாலை 1893இல் தொடங்கியது. பிறகு அது இலங்கைத் தொழினுட்பக் கல்லூரி ஆயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1894இல், சென்னைக் கிண்டியின் பொறியியல் கல்லூரி இயந்திரப் பொறியியலைத் தன் பாடங்களில் சேர்த்தது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஏறத்தாழ ஒரே வேளையில் ஒரே தேவை எழுந்தது: புகையிரதம், பொதுவேலை, நீர்ப்பாசனம் ஆகிய திணைக்களங்களுக்கு இடைநிலை ஆட்கள் வேண்டும். மேல்நிலைப் பொறியியலாளர் பெரும்பாலும் பிரித்தானியாவிலிருந்து வந்தனர். உள்ளூர் இளைஞர் வரைபடம் வரைபவராக, மேற்பார்வையாளராக, நில அளவையாளராகப் பயின்றனர். மிசன் பள்ளிகளில் ஆங்கிலமும் கணிதமும் கற்ற யாழ்ப்பாணத்தவர் மலாயாப் புகையிரதத்துக்கும் திறைசேரிக்கும் கப்பலேறியது இந்தக் காலத்திலேதான். ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவம் ஊருக்குள்ளே, ஊர்ப் பாசையில் நுழைந்தது. பொறியியலுக்கு அப்படி ஒருவர் அமையவில்லை. அது திணைக்களத்தின் கல்வியாகப் பிறந்து, திணைக்களம் இருந்த நகரத்திலேயே தங்கியது.

இப்படிப் பிரிந்து கிடப்பது இயந்திரவியலின் இயல்பு அல்ல என்பதை அதன் பிறப்புக் கதையே காட்டும். நியூகோமன் நீராவிப் பொறியைச் சுரங்கத்தில் ஓடவிட்டது 1712இல். ஜேம்ஸ் வாட் தனி ஒடுக்கிக்கு உரிமம் பெற்றது 1769இல். வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலையைப் பெறலாம் என்ற கேள்விக்குச் சாடி கார்னோ கொள்கை விடை எழுதியது 1824இல். முதலில் பொறி ஓடியது. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டு கழித்தே அதன் விதி எழுதப்பட்டது. பர்மிங்காமில் 1847இல் இயந்திரப் பொறியியலாளர் நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரான ஜோர்ஜ் ஸ்டீவன்சன் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்லர். சுரங்கத்துப் பொறிகளைப் பராமரித்தபடி பதினெட்டு வயதளவில் எழுத்துக் கற்றவர். பட்டறையில் இருந்தவரைத் தலைவராக்கிய ஒரு தொழில், பிறகுதான் பல்கலைக்கழகத்தின் பாடம் ஆனது. அங்கே கீழிருந்து மேலே போன அறிவு, இலங்கைக்கு மேலிருந்து இறக்குமதியானது. இங்கே பாடத்திட்டம் முதலில் வந்தது. அதற்கும் ஊர்ப் பட்டறைக்கும் தொடர்பு ஏற்படுத்தும் கடமை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த அமைப்பு கலையவில்லை, பெருத்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் தன் பொறியியல் பீடத்தை 1950இல் கொழும்பில் தொடங்கியது. ஈ. ஓ. ஈ. பெரேரா பீடாதிபதியாக இருந்த காலத்தில், 1960களின் நடுவில், அது பேராதனைக்குப் போனது. கட்டுபெத்தையில் 1960இல் நடைமுறைத் தொழினுட்ப நிறுவகம் ஒன்று எழுந்தது. பெயரே சொல்வதுபோல் அதன் நோக்கம் கைத்திறனுள்ள நடுத்தரத் தொழினுட்பவியலாளர். ஆனால் 1966இல் அது தொழினுட்பக் கல்லூரி ஆகி, 1972இல் பல்கலைக்கழக வளாகம் ஆகி, அந்தப் பத்தாண்டின் முடிவில் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் ஆனது. பட்டறைக்கென்று கட்டிய வீடு பட்டத்துக்கென்று மேல்மாடி எழுப்பி, கடைசியில் மேல்மாடியே வீடு ஆயிற்று. இந்த ஏற்றத்தால் நாடு இழந்ததை மட்டும் சொல்வது நேர்மையாகாது. பேராதனையில் இயந்திரப் பொறியியல் கற்பித்த பேராசிரியர் எஸ். மகாலிங்கம் அதிர்வுக் கோட்பாட்டில் எழுதிய கட்டுரைகள் 1950களிலேயே வெளிநாட்டு ஆய்விதழ்களில் வந்தன. அழகையா துரைராசா கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் 1963இல் எழுதிய களிமண் பற்றிய கட்டுரை இன்றும் மண் பொறியியலின் அடிப்படை நூல்களில் குறிப்பிடப்படுகிறது. அதே துரைராசா 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வந்து, போரின் நடுவே 1994இல் இறக்கும்வரை அதைக் காத்தார். தமிழர் உயர் பொறியியலில் குறைந்தவர்கள் அல்லர். அந்த உயர்வு வன்னிக்கு வந்து சேரும் வழிதான் இருக்கவில்லை.

வழியைக் குறுக்கியது 1970களின் தரப்படுத்தல். பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளி பெற வேண்டியிருந்தபோது சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதுமாக இருந்தது. பொறியியலுக்கு அனுமதி பெற்றோரில் தமிழரின் பங்கு 1970-71இல் 40.8 விழுக்காடாக இருந்து 1974இல் 16.3 ஆகச் சரிந்தது. இது யாழ்ப்பாண நடுத்தர வர்க்கத்தின் காயமாகப் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. பூநகரியின் கதை கொஞ்சம் வேறு. மொழிவாரித் தரப்படுத்தலுக்குப் பின் 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டப் பிள்ளைக்குக் கைகொடுப்பது என்பது அதன் நியாயம். மன்னாரும் வவுனியாவும் அதனால் ஓரளவு பயன்பெற்றன. ஆனால் கிளிநொச்சி தனி மாவட்டம் ஆனது 1984இல்தான். அதுவரை பூநகரி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு மூலை. ஆகவே ஆய்வுகூடம் காணாத ஒரு கடலோரப் பள்ளிப் பிள்ளை, யாழ்ப்பாண நகரின் புகழ்பெற்ற கல்லூரி மாணவனோடு ஒரே மாவட்ட ஒதுக்கீட்டுக்குள் மோத வேண்டியிருந்தது. மொழியால் ஒருமுறை தள்ளப்பட்டு, மாவட்டக் கோட்டால் மறுமுறையும் தள்ளப்பட்டது பூநகரி. ஒதுக்கீடு தகுதியைக் குலைக்கும் என்று வாதிடுவோர் உண்டு. ஆனாலும் ஒதுக்கீடு இன்றும் தொடர்கிறது: இன்றைய முறையில் 40 விழுக்காடு அகில இலங்கைத் தகுதிக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களுக்கும், 5 விழுக்காடு கிளிநொச்சி உள்ளிட்ட வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகிறது. பரீட்சைப் புள்ளி என்பது திறமையோடு ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் அளக்கும் ஒரு கலப்பு அளவு. ஆசிரியரும் ஆய்வுகூடமும் சமமாகாதவரை ஒதுக்கீட்டைத் தகுதிக்கு எதிரி என்பது பொருந்தாது. 1974இன் குற்றம் ஒதுக்கீடு என்ற எண்ணத்தில் இல்லை. முன்னரே மொழியால் சாய்க்கப்பட்ட தராசில் அதை வைத்ததிலும், யார் பின்தங்கியவர் என்ற கோட்டைத் தவறான இடத்தில் கீறியதிலும் இருந்தது.

பட்டம் எட்டாத தொலைவில் இருந்த அதே காலத்தில் இயந்திரம் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. துலா மிதித்து இறைத்த கிணறுகளில் 1950களிலிருந்து நீர்ப்பம்புகள் பரவின. அவற்றில் பெரும்பாலானவை சிறிய மண்ணெண்ணெய் எஞ்சின்கள். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அவற்றின் வடிவமைப்பிலேயே இருந்தது. மாடு கட்டிச் சூடு மிதித்த களங்களுக்கு உழவு இயந்திரம் வந்தது. இரண்டு சில்லு உழவு இயந்திரம் எந்தக் கம்பனியினதாக இருந்தாலும் ‘லான்ட்மாஸ்டர்’ என்ற பிரித்தானியப் பெயராலேயே இன்றுவரை அழைக்கப்படும் அளவுக்கு அது ஊரோடு ஒன்றிப்போனது. பூநகரியின் வயல்கள் பெரும்பாலும் மழையை நம்பிய காலபோக வயல்கள். அங்கே விளைந்த மொட்டைக்கறுப்பன் அரிசிக்குக் குடாநாட்டில் தனி மதிப்பு. மழை விழுந்து ஈரம் நிற்கும் சில நாட்களுக்குள் உழுது விதைத்து முடிக்க வேண்டிய நிலத்தில், எஞ்சின் ஒன்று நின்றுவிட்டால் ஒரு போகமே தவறிப்போகலாம். அதனால் பழுது பார்ப்பவர் விதைப்பவருக்கு நிகரான ஆள் ஆனார். பூநகரி வீதி புறப்படும் பரந்தனில், ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யும் இரசாயனத் தொழிற்சாலை 1950களில் எழுந்தது. பம்பும் வால்வும் குழாயும் நிறைந்த அது, வடக்கே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைப் போலவே, பொருத்துநர்களையும் கடைச்சல்காரரையும் வேலையிலேயே பயிற்றிய இடம். இரண்டையும் போர் மூடியது.

போரின்போது அரசு 1990இல் வடக்கின்மேல் விதித்த பொருளாதாரத் தடை இந்தக் கையறிவைச் சோதித்த பெரிய பரீட்சை. எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தன. மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. இதன் பொறிநுட்பம் எளியது அல்ல. பெற்றோல் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே ஆவியாகத் தொடங்கும்; மண்ணெண்ணெய்க்கு 150 பாகைக்கு மேல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாமல் துளியாகவே நிற்கும். ஆகவே எஞ்சின் முதலில் சூடாக வேண்டும். மேலும் மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு குறைவு. நெருக்க விகிதம் கூடிய புதிய எஞ்சினில் அது தட்டும். ஏழுக்கு ஒன்று என்ற அளவில் நெருக்கும் பழைய எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. புதிய ஜப்பானியக் கார் நின்றுபோன இடத்தில் பழைய பிரித்தானியக் கார் ஓடியதற்கு இதுவே காரணம். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் முறை நாற்பது வருடமாகக் கிணற்றடிப் பம்பில் பழகிய ஒன்று. கராச்சுக்காரர் அதைக் காருக்கு ஏற்றினார். ஒரு துறையில் கண்ட விதியை இன்னொரு துறைக்குப் பெயர்ப்பது பொறியியல் சிந்தனையின் உள்ளடக்கம். அதற்குப் பெயரும் சமன்பாடும் இல்லாதது அதன் மதிப்பைக் குறைக்காது.

இதற்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இது கையறிவை வானளாவப் புகழ்வது, வறுமை கற்றுக்கொடுத்த சமாளிப்பைக் கல்வி என்று அழைப்பது. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. எரியாமல் தப்பிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும், தாங்கிகள் தேயும், கரி படியும். கராச்சுக்காரர் ஒயிலை அடிக்கடி மாற்றச் சொன்னார், ஆனால் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதை அளந்து சொல்ல அவரிடம் கருவி இல்லை. இதைவிடப் பெரிய சான்று கிணற்றில் இருக்கிறது. கடலோர நிலத்தில் நன்னீர் உவர்நீருக்கு மேலே ஒரு வில்லைபோல் மிதக்கிறது. கைபென், ஹெர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதிப்படி, நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே ஒரு மீற்றர் இறைத்துக் குறைத்தால் கீழே உவர் நாற்பது மீற்றர் ஏறப் பார்க்கும். துலா இந்த எல்லையைத் தாண்ட முடியாதபடி மனிதக் களைப்பே காவல் நின்றது. பம்புக்குக் களைப்பு இல்லை. பம்பை மேலும் வேகமாக இறைக்கவைத்த திறமையே கிணறு உவராவதற்கும் துணைபோயிற்று. யாழ்ப்பாணத்திலும் பூநகரியிலும் நல்ல தண்ணீர் இன்று பெரும் கவலையாக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. எந்தக் கிணற்றுக்கு எத்தனை குதிரைவலுப் பம்பு, ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டுச் சொல்ல ஊரில் யாரும் இருக்கவில்லை. எப்படி என்று தெரிந்த கை, ஏன் என்று கேட்கும் கணக்கு இல்லாமல் தனியே நின்றால் கெடுதியும் செய்யும். ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தை வீழ்த்தவில்லை. அதன் மற்றப் பாதியை நிறைவு செய்கிறது. பிரிவினால் கணக்கு மட்டும் நட்டப்படவில்லை, கையும் நட்டப்பட்டது.

இன்னொரு மறுப்பு பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து வரும். வெப்பவியக்கவியலுக்கு ஊர் கிடையாது. பாய்ம இயக்கவியல் பேராதனையிலும் பூநகரியிலும் ஒன்றே. எங்கே படித்தால் என்ன? விதிகளுக்கு ஊர் இல்லை என்பது சரி. ஆனால் எந்தச் சிக்கலை விதியால் தீர்க்கப் போகிறோம் என்ற தெரிவுக்கு ஊர் உண்டு. மாணவர் இறுதியாண்டு ஆய்வுக்கு எதை எடுப்பார் என்பது, அவர் விடுதியிலிருந்து பார்க்கும்போது கண்ணில் எது படுகிறது என்பதையும் பொறுத்தது. உப்புக் காற்றில் அரிக்கப்படும் பம்பு உறை, ஈர நெல்லைக் காயவைக்கும் உலர்த்தி, சிறிய படகின் வெளியிணை எஞ்சின், பனை மட்டையிலிருந்து தும்பு பிரிக்கும் பொறி போன்றவை உலக ஆய்விதழ்களில் பெரும் தலைப்புகள் அல்ல. மலைநாட்டு வளாகத்தில் இருப்பவருக்கு அவை கண்ணில் படவும் மாட்டா. மகாலிங்கமும் துரைராசாவும் உலகத்துக்கான கேள்விகளை எடுத்ததில் குறை காண முடியாது. உலகக் கேள்விகளுக்கு ஆட்கள் கிடைத்த நாட்டில் உள்ளூர்க் கேள்விகளுக்கு ஆட்கள் கிடைக்காமல் போனதே குறை.

இந்தப் பின்னணியில்தான் அறிவியல் நகரைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் தொடங்கி, போரில் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்து, மீண்டும் திரும்பியது. பூநகரி 1993 நவம்பரில் பெரும் சமரைக் கண்டு, 2008 நவம்பரில் கைமாறிய போர்க்களம். போர் முடிந்து ஐந்து ஆண்டில் இந்திய உதவியும் சேர்ந்து பொறியியல் பீடம் வந்தது. அதே 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் ஓடியது. 2016இல் அதே அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியுடன் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. அங்கே வாகனம், இயந்திரம், மின் ஆகிய தொழில்கள் தேசியத் தொழிற்றகைமை நிலைகளில் கற்பிக்கப்படுகின்றன. பள்ளிகளிலும் 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்துவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மருதானை, கட்டுபெத்தை, பேராதனை என்று பிரிந்து கிடந்தவை வன்னியில் முதன்முதலாக அயல் வளவுகளில் வந்து நிற்கின்றன. ஆனால் அயலில் இருப்பது இணைந்திருப்பது ஆகாது. தொழிற்றகைமைச் சட்டகத்தில் ஐந்தாம், ஆறாம் நிலைகள் டிப்ளோமா. ஏழாம் நிலை பட்டம். அந்த ஏணியில் ஏறும் இளைஞருக்கென்று 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு தொழினுட்பப் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. அது இருப்பது இரத்மலானையில். பக்கத்து வளவிலுள்ள பொறியியல் பீடத்தின் வாசல் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிக்கே திறக்கிறது. எஞ்சினைக் கழற்றிப் பூட்டித் தேறிய கிளிநொச்சி இளைஞர் அதன் கணக்கைப் படிக்க விரும்பினால், மதிலுக்கு அப்பால் இருப்பதற்காக முந்நூறு கிலோமீற்றர் தெற்கே போக வேண்டும். 1893இல் போட்ட பிரிவு இன்றும் விதியாக நிற்பது இங்கேதான்.

பட்டம் பெற்றவர்கள் எப்படியும் போய்விடுவார்கள், பிறகு பீடம் இங்கே இருந்து என்ன பயன் என்று கேட்போர் உண்டு. மலாயாவுக்குப் போன முன்னோரையும் 2022இன் நெருக்கடிக்குப் பின் கடவுச்சீட்டு வரிசையில் நின்றவர்களையும் சுட்டி இதைச் சொல்வார்கள். ஆட்கள் போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் ஆய்வுகூடம் போகாது. அளந்து எழுதிய தரவு போகாது. அடுத்த அணிக்கு விட்டுச்செல்லும் பிரச்சினை போகாது. தங்குவதற்கு ஒரு காரணம் இருந்தால் சிலர் தங்கவும் செய்வர். அந்தக் காரணம் பூநகரியில் வீசிக்கொண்டிருக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள வலு எட்டு மடங்காகும் என்பது முதலாம் ஆண்டுப் பாடம். சோழகமும் வாடையும் மாறிமாறி அடிக்கும் இந்தக் கரையைக் காற்றாலைக்காரர் தேடி வருவதும் அதனால்தான். பளைப் பக்கத்திலும் மன்னாரிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. மன்னாரின் ‘தம்பபவனி’ மட்டும் முப்பது விசையாழிகளில் 103.5 மெகாவாற். பூநகரிக்கென்று 234 மெகாவாற் திட்டம் ஒன்றை அதானி நிறுவனம் வைத்திருந்தது. விலை பற்றிய மீள்பேச்சுக்குப் பின் 2025 பெப்ரவரியில் அது விலகிக்கொண்டது. திட்டம் நல்லதா, விலை நியாயமா என்பது வேறு விவாதம். இந்த வரலாற்றுக்குத் தேவையான கேள்வி ஒன்றே: காற்று எங்களதாக இருக்க, விசையாழியின் பற்சக்கரப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர், ஒப்பந்தத்தின் எண்களைச் சரிபார்க்கத் தெரிந்தவர் எங்கிருந்து வருவார்? புகையிரதத்தை வேடிக்கை பார்த்த ஊர், காற்றாலையையும் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை.

ஆகவே வன்னியின் இயந்திரப் பொறியியலை 2014இலிருந்து எண்ணத் தொடங்குவது, கிணற்றடிப் பம்பிலும் களத்து உழவு இயந்திரத்திலும் மண்ணெண்ணெய்க் காரிலும் கற்றவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதாகும். அப்படி எண்ணினால் பீடம் வெறும் வரவாகத் தெரியும். வெளியிலிருந்து வந்தது, வந்தவாறே உள்ளே பூட்டிக்கொள்ளலாம். நீண்ட வரலாற்றின் உள்ளே வைத்துப் பார்த்தால் அதன்மேல் கடமைகள் விழுகின்றன, அவை நடைமுறையில் செய்யக்கூடியவையும்கூட: தொழிற்றகைமை டிப்ளோமாவில் சிறந்து தேறியவருக்கு ஒரு சிறு விகிதமாவது பட்டப்படிப்பில் இடம் தருவது, கராச்சிலும் லேத் பட்டறையிலும் நீண்ட காலம் உழைத்தவரை ஆய்வுகூடப் பயிற்றுநராக அழைப்பது, பரந்தன்–பூநகரி வீதியோரப் பட்டறைகளுக்கு வரும் பழுதுகளை மாணவர் பதிவு செய்து, ஒரே பழுது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஆராய்வது, கரையோரக் கிணறுகளுக்குப் பொருத்தமான பம்பின் அளவை அளந்து விவசாயிகளுக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பது. முதலாவதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி விதிகள் மாற வேண்டும்; மற்ற மூன்றுக்கும் துறையின் மனம் மாறினால் போதும். இவை நடக்கிறதா என்பதே அந்தத் துறையின் உண்மையான தேர்ச்சி அறிக்கை.